நாயோடு நடப்போம்; நாணாது குனிவோம்!

மார்கழி பிறந்துவிட்டால் சென்னை மாநகரில் மூன்று வாசல்கள் திறக்கின்றன. ஒன்று கோயில் வாசல்; அங்கே வெண்பொங்கல் மணக்கும். இன்னொன்று சபா வாசல். அங்கே பாட்டு இனிக்கும், பட்டு மினுக்கும், உணவுக்கூடத்தில் நெய்த் தோசையும் முறுகும். மூன்றாவது வாசலுக்குக் கதவு இல்லை, காவலாளி இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. குபேரனும் வரலாம், கூலிக்காரனும் வரலாம். அதுதான் கடற்கரை!

கோபாலபுரத்திலிருந்து கிழக்கே நடந்து பாருங்கள், தோழர்களே! கதீட்ரல் சாலையில் இறங்கி, சங்கீத வித்வத் சபையைத் தாண்டி, முன்னாளில் எட்வர்டு எலியட்ஸ் சாலை என்று வழங்கிய இராதாகிருஷ்ணன் சாலையில் நேரே நடந்தால், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் எதிரே நிற்பது காந்தியார் சிலை. அதற்கப்பால் மணல். மணலுக்கப்பால் வங்கக் கடல். மார்கழியிலும் தையிலும் கதிரவன் ஆறரை மணி அளவில்தான் எட்டிப் பார்க்கிறான். அதற்கு முன்பே அங்கே ஒரு பட்டாளம் கூடிவிடுகிறது. குரங்குக் குல்லாய் அணிந்த ஓய்வு பெற்ற அதிகாரிகள், மருத்துவர் சொல்லுக்கு அஞ்சி நடப்போர், மனைவியின் சொல்லுக்கு அஞ்சி நடப்போர், இவர்களுக்கிடையே வாலை உயர்த்திக்கொண்டு, எவர் சொல்லுக்கும் அஞ்சாமல் நடக்கும் நாய்கள்!

அந்த நாய்களைப் பற்றித்தான் இன்று பேச இருக்கிறேன். நாட்டில் பேசுவதற்கு வேறு பொருளா இல்லை என்று புருவத்தை உயர்த்துவோர் உயர்த்தட்டும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று பழமொழி பேசிப் பழகியவர்கள் நாம். நாய், கல் இரண்டையும் கீழே விட்டுவிட்டு, நாயைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்போம். அதில்தான் செய்தி இருக்கிறது.

முதலில் இன்பத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையின் குளிர் என்பது இருபது, இருபத்தொரு பாகை வெப்பம். இமயத்தில் வாழ்பவன் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பான். நாமோ கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு நடுங்குகிறோம். ஆனால் நாயின் கணக்கு வேறு. நம்மைப் போல் உடல் முழுதும் வியர்த்துத் தணியும் அமைப்பு அதற்கு இல்லை. பாதங்களில்தான் சிறிதளவு வியர்வை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து இரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் சுடுமணலில் அதனை நடக்க வைப்பது, நம்மை வெறுங்காலோடு தோசைக்கல்லில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். அதனால்தான் நமக்குக் குளிர்காலம் என்பது நாய்க்கு வசந்த காலமாக இருக்கிறது. முன்பனியும் பின்பனியும் என்று தமிழன் வகுத்த நான்கு திங்களில், மாசி வரையிலாவது அதற்குக் கொண்டாட்டந்தான்.

அந்தக் கொண்டாட்டத்தைக் காணக் கண் ஆயிரம் வேண்டும். ஈர மணலில் கால் பட்டதும் நான்கு காலும் நாற்பது காலாகின்றன. வளைக்குள் ஓடும் நண்டைத் துரத்தி, மூக்கை உள்ளே விட்டு, மணலைத் தும்மி, தோற்றுப் போனதற்கு வெட்கப்படாமல் அடுத்த வளைக்கு ஓடுகிறது. அலை பின்வாங்கினால் வீரனாகிப் பாய்கிறது. அலை திரும்பினால் விவேகியாகிப் பின்வாங்குகிறது. நாம் கடலைக் கண்ணால் காண்கிறோம்; அது மூக்கால் படிக்கிறது. நேற்று இரவு எந்த வலையில் எந்த மீன் வந்தது, எந்த நண்பன் இவ்வழியே போனான், எந்தப் பகைவன் எந்தத் தூணில் தன் முத்திரையை இட்டான் என்பதெல்லாம் அதற்குக் காலைச் செய்தித்தாள்!

இன்னொரு இன்பமும் உண்டு. நாயோடு நடப்பவன் தனியாக நடப்பதில்லை. பத்தாண்டுகளாக ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒரு சொல் பேசாத இருவர், இரண்டு நாய்கள் முகர்ந்துகொண்ட காரணத்தால் முகமன் கூறிக்கொள்கிறார்கள். வலை உலர்த்தும் மீனவர், "என்ன சாதி நாய் சார் இது?" என்று கேட்கிறார். உயர்நீதிமன்ற வழக்கறிஞர் நின்று விடை சொல்கிறார். சாதி கேட்டுச் சண்டை வராத ஒரே உரையாடல் இந்த நாட்டில் அதுவாகத்தான் இருக்கும்!

சாதி என்றதும் நினைவு வருகிறது. 1924-ஆம் ஆண்டு வைக்கத்தில் நடந்த போராட்டம் எதற்காக? கோயிலைச் சுற்றிய தெருவில் நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம், ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்று இருந்த கொடுமையை எதிர்த்து. தந்தை பெரியார் அங்கே சென்று சிறைபட்டது அந்தத் தெருவில் மனிதன் கால் படவேண்டும் என்பதற்காக. நாயும் மனிதனும் ஒரே பாதையில் நடப்பது நமக்கு இன்று பொழுதுபோக்கு. நூறாண்டுக்கு முன்னே அது உரிமைப் போர். இதை மறந்துவிட்டு எந்தப் பொதுவழியிலும் நடக்க நமக்குத் தகுதி இல்லை.

நாயை நாம் இழித்தது பிற்காலத்தில். அதற்கு முன்னே போற்றினோம். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வில்லேந்திய வீரன் ஒருவன், அவனருகே ஒரு நாய். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயரையும் கல்லில் பொறித்து வைத்தார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். பேரரசர்களின் பெயர் பல மண்ணோடு மண்ணாகிப் போயின. மாட்டுமந்தை காத்த ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக வாழ்கிறது!

அந்தக் கோவிவனின் வழித்தோன்றல்கள் இன்று கோபாலபுரத்தில் என்ன பெயரில் வாழ்கின்றன? டாமி, டைகர், பிரின்ஸ், சீசர்! வீட்டில் அம்மாவோடு தமிழ், வேலைக்காரரோடு தமிழ், காய்கறிக்காரரோடு தமிழ்; நாயோடு மட்டும் ஆங்கிலம். "சிட்!", "கம்!", "நோ!" ஆங்கிலேயன் 1947-இல் கப்பலேறினான், நாய்க்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டான் போலும். "உட்கார்" என்றால் உட்காராதா? "வா" என்றால் வாராதா? அன்போடு ஒருமுறை, உறுதியோடு ஒருமுறை, ஒரே சொல்லை மாறாமல் சொல்லிப் பழக்கினால் நாய் எந்த மொழியையும் கற்கும். கற்கத் தயங்குவது நாம்தான்.

இனத்திலும் அதே மயக்கம். பனிப் பாலைவனத்தில் வண்டி இழுக்கப் பிறந்த சைபீரிய நாயைக் கொண்டுவந்து, சென்னைப் புழுக்கத்தில் கட்டி வைத்து, அதற்காகக் குளிர்சாதனக் கருவியை ஓடவிடுகிறார்கள். இது அன்பா, ஆடம்பரமா? வெள்ளை உடலும் வீர நடையும் கொண்ட இராசபாளையம், முயலை முந்தும் சிப்பிப்பாறை, கறுத்த முகத்துக் கோம்பை, மெலிந்த கன்னி ஆகியவை இந்த மண்ணின் வெயிலைத் தாங்கப் பிறந்தவை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்கு முத்திரை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்று நம் இராசபாளையம். ஆனால் இவை ஓட்டத்துக்குப் பிறந்தவை. மூன்றாவது மாடியில் பூட்டி வைத்தால் முரடாகும். கடற்கரைக்கு அழைத்துப் போக மனமில்லாதவன் இவற்றை வாங்காமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் பேருதவி.

சரி, யார் அழைத்துப் போகிறார்கள்? கோபாலபுரத்திலும் மயிலையிலும் அடையாற்றிலும் விடியற்காலையில் ஒரு முச்சந்தியில் நின்று பாருங்கள். நாயின் பெயர் பிரின்ஸ். அதன் எசமானர் மாடியில் போர்வைக்குள். சங்கிலியைப் பிடித்திருப்பவர் மாதச் சம்பளத்துக்கு வந்த காவலாளி. இளவரசர் இழுக்கிறார், ஏழை ஓடுகிறார்! நாயின் அன்பு எங்களுக்கு, நாயின் நடை உனக்கு. நாயின் நக்கல் எங்களுக்கு, நாயின் கழிவு உனக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள். இப்படி இன்பத்தை ஒரு பக்கமும் உழைப்பை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்ததுதானே, தோழர்களே, இந்த நாட்டின் ஆயிரமாண்டு நோய்?

கடற்கரையிலும் அதே பங்கீடு நடக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள். கடற்கரை எவருடையது என்பதை ஒரு கணம் எண்ணுங்கள். 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், சிசிலித் தீவை நினைத்துக்கொண்டு, 1884-இல் இதற்கு மெரினா என்று பெயர் சூட்டி நடைபாதை அமைத்தார். பெயரும் பாதையும் தந்தார். மணலை அவர் தரவில்லை. துறைமுகச் சுவர் எழுந்தபோது, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து செல்லும் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே குவிந்தது, வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. ஆகவே, நாமும் நம் நாயும் உல்லாசமாக ஓடும் இந்த அகன்ற மணற்பரப்பு, வடசென்னை மக்கள் இழந்த கரையின் மறுபக்கம். இலவசமாக வந்த சொத்தல்ல. எவரோ விலை கொடுத்த சொத்து.

நாம் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் மீனவர்கள். அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம், தெற்கே ஊரூர், ஆல்காட் குப்பம்... நமக்கு அது உலாவும் இடம். அவர்களுக்கு அது தொழிற்சாலை, முற்றம், பிள்ளைகள் தவழும் கூடம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஆழிப்பேரலை எழுந்தபோது உலாவ வந்தவர்களையும் அது வாரியது. உலர்த்திய வலையோடு குப்பத்து மக்களையும் வாரியது. அந்தக் கரையில் நம் நாய் ஓடிப்போய் வலையின் மீது காலைத் தூக்கினால், சிரித்துவிட்டு நடக்கிறோம். அவர் வந்து நம் சாப்பாட்டு மேசையின் மீது அவருடைய நாயை ஏற்றிவிட்டால் சிரிப்போமா?

குப்பத்திலும் நாய்கள் உண்டு. அவற்றுக்குச் சங்கிலி இல்லை. ஆனால் சொந்தம் உண்டு. மீன் தலையைத் தின்று, படகடியில் படுத்து, ஊரையே காக்கும் நாய்கள் அவை. அவற்றைக் கண்டதும் 'தெருநாய்' என்று முகம் சுளிக்கும் கனவான், தன் வெளிநாட்டு நாயை அவிழ்த்துவிட்டு வம்பை விலைக்கு வாங்குகிறார். தெருநாயைக் கொன்று தீர்ப்பது தீர்வல்ல என்பதை உரைத்த ஊர் சென்னை. 1959-இல் இங்கே தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை என்ற வழியை 1964-இலேயே தொடங்கியது. 1996-இல் மாநகராட்சியும் அவ்வழிக்கு வந்தது. தொடங்கிய பெருமை நமக்கு. முடிக்காத பொறுப்பும் நமக்கே.

குளிர்காலக் கரைக்கு இன்னொரு விருந்தாளியும் வருகிறது. பங்குனி ஆமை! தை தொடங்கி பங்குனி வரை, இரவு நேரத்தில் கரையேறி, மணலைத் தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது தாய் ஆமை. ஏறத்தாழ ஐம்பது நாள் மணலே அந்த முட்டைகளுக்குத் தாய். அவற்றைத் தோண்டித் தின்பதில் நரிக்கு அடுத்தபடி நாய்க்குத்தான் பேர். 1988 முதல் மாணவர் குழு ஒன்று, நாம் உறங்கும் இரவுகளில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து நடந்து, முட்டைகளைத் திரட்டிக் காப்பகத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறது. சம்பளம் இல்லை, சன்மானம் இல்லை! 2025 சனவரியில் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் சென்னைக் கரையில் ஒதுங்கியதைக் கண்டோம். கடலில் இழுவலைக்குத் தப்பிக் கரைக்கு வந்த ஆமையின் முட்டை, நம் செல்ல நாயின் வாயில் போவதா? இருட்டு நேரத்தில் கயிற்றை அவிழ்க்காதீர். ஆமையின் தடம் கண்டால் நாயை விலக்கி நடத்துங்கள்.

கயிறு என்றதும் சிலருக்குக் கோபம் வருகிறது. "நாய்க்குச் சுதந்திரம் வேண்டாமா?" என்கிறார்கள். சுதந்திரத்தின் மீது இவ்வளவு காதலா என்று மெய்சிலிர்க்கிறது! 2024 மே மாதம், கோபாலபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில், கட்டுப்பாடற்று வந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் யார்? பூங்காக் காவலாளியின் மகள். அவிழ்த்துவிட்ட இன்பம் ஒருவருக்கு. குருதி சிந்தியது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை. அந்தக் குழந்தைக்குப் பயமின்றி விளையாடும் சுதந்திரம் வேண்டாமா? கயிறு அடிமைச் சின்னமல்ல, தோழர்களே. எதிரே வரும் முதியவருக்கும் குழந்தைக்கும் நாம் கூறும் வணக்கம் அது.

மாநகராட்சி உரிமம் பெறுங்கள். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதனைக் காப்பது ஏறக்குறைய இயலாத செயல். கடிபட்ட உடனே காப்பதோ எளிது. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டால் போதும். மஞ்சளும் சுண்ணாம்பும் மந்திரமும் வேண்டாம். பாஸ்டர் 1885-இலேயே வழி காட்டிவிட்டார். 1907 முதல் நம் குன்னூரில் அவர் பெயரால் நிலையமே இருக்கிறது. இன்னும் வேப்பிலை அடிப்பது அறியாமை அன்றி வேறென்ன?

கடல் விளையாட்டிலும் அளவு வேண்டும். வாடைக்காற்று வீசும் நாட்களில் வங்கக் கடல் முரட்டுக் கடல். பெசன்ட் நகர்க் கரையில் நிற்கும் வெள்ளை நினைவு மண்டபம், பிறரைக் காப்பாற்றக் கடலில் பாய்ந்து 1930 டிசம்பர் 30-இல் மாண்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவருக்காக எழுந்தது. நாய்க்காகப் பந்தை ஆழத்தில் எறிந்துவிட்டு, அதை மீட்க நாமும் இறங்கி, இன்னொரு ஷ்மிட்டை உருவாக்க வேண்டாம். உப்பு நீரைக் குடிக்க விடாதீர். குடிநீர் கொண்டு செல்லுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தை நன்னீரால் கழுவுங்கள். மழை நின்ற தெருவில் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். நாயை அதில் நக்கவும் நீந்தவும் விடாதீர்.

இவையெல்லாம் எளியவை. அரியது ஒன்றே ஒன்று. அது குனிவது!

ஆம், குனிவதுதான். நாய் மணலில் இருந்துவிட்டு எழுகிறது. எசமானர் அந்தக் கணத்தில்தான் அடிவானத்தின் அழகைக் கண்டுபிடிக்கிறார்! கப்பலைப் பார்க்கிறார், கலங்கரை விளக்கைப் பார்க்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கீழே மட்டும் பார்ப்பதில்லை. காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு நடக்கிறார். மூடினால் மறையுமா? நாயின் கழிவில் இருக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மணலில் உயிரோடிருந்து, வெறுங்காலோடு வருபவரின் தோலுக்குள் நுழைந்து அரிப்பும் புண்ணுமாகப் படர்கிறது. வெறுங்காலோடு வருபவர் யார்? காலணி அணிந்த கனவான் அல்லர். மணலே வீடாகப் பிறந்த மீனவக் குழந்தை. மணலை வாரும் துப்புரவுத் தொழிலாளி.

நாயின் கழிவைக் கையால் எடுப்பதா, நானா என்று கூசுகிற மனம் எங்கிருந்து வந்தது? அசுத்தம் செய்ய ஒரு குலம், அதை அள்ள ஒரு குலம் என்று எழுதி வைத்த நாடு இது. மனிதக் கழிவை மனிதன் அள்ளும் இழிவை ஒழிக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டம் வந்தது, கூச்சம் மட்டும் போகவில்லை. மேடையில் சமத்துவம் பேசுவது எளிது. தன் நாய் இட்டதைத் தானே குனிந்து எடுப்பதில் இருக்கிறது அந்தப் பேச்சின் உண்மை. அதற்கென ஒருவன் பிறந்திருக்கிறான் என்று நினைத்து நிமிர்ந்து நடப்பவன், வைக்கத்தில் தடைப்பலகை நட்டவனின் பேரன்!

ஒன்றும் பெரிய செலவில்லை. பழைய செய்தித்தாள் இரண்டு தாள் போதும். 2019 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த பிளாஸ்டிக் பை வேண்டாம். ஏன், இந்த ஏட்டையே எடுத்துச் செல்லுங்கள். படித்து முடித்த பிறகு! என் கட்டுரை அதற்குப் பயன்பட்டால் நான் வருந்த மாட்டேன். இதைவிடப் பெரிய தொண்டு என் எழுத்து செய்துவிடப் போவதில்லை.

ஆகவே, தோழர்களே, போர்வையை உதறுங்கள்! காவலாளியை உறங்க விடுங்கள். சங்கிலியை நீங்களே பிடியுங்கள். நாய் இழுக்கும், நீங்கள் ஓடுவீர்கள். அதில் உடலுக்கு நலம், உள்ளத்துக்கு உவகை. குப்பத்தைக் கடக்கும்போது கயிறு குறுகட்டும். ஆமைத் தடம் கண்டால் கால் விலகட்டும். குழந்தை வந்தால் நாய் உட்காரட்டும். நாய் இருந்தால் நீங்கள் குனியுங்கள்!

கடலின் முன்னே எல்லாத் தலையும் சிறியதே. கோவிவனுக்குக் கல் நட்ட இனத்தின் முதுகு, ஒரு காகிதத் தாளோடு வளைவதால் முறிந்துவிடாது.